முட்டையின் நிறத்துக்கு விலை போட்டவர்கள், அதன் திகதியை ஏன் கேட்கவில்லை?



அன்பின் ஹெவ்லொக் டவுன் உறவுகளே, கிருலப்பனை, வெள்ளவத்தை, திம்பிரிகஸ்யாய பக்கத்து அயலவர்களே,

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேநீர் ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள். விஷயம் முட்டை. சிரிக்க வேண்டாம். நம் வீடுகளில் காலைச் சாப்பாடு, பிள்ளையின் லஞ்ச் பொக்ஸ், நோன்பு காலத்தில் சஹர், பெருநாளைக்கு வட்டிலப்பம் எல்லாவற்றிலும் இருக்கிற பொருள் இதுதான். மீனும் இறைச்சியும் கைக்கு எட்டாமல் போன நாட்களில் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த புரதமும் இதுதான்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம்.

போன பெருநாளைக்கு முந்திய இரவு, எங்கள் வீட்டில் வட்டிலப்பத்துக்கு முட்டை உடைத்துக்கொண்டிருந்தோம். கித்துள் கருப்பட்டியைக் கரைத்து வடித்து, தேங்காய்ப்பால் பிழிந்து, ஏலமும் சாதிக்காயும் போட்டுத் தயாராக வைத்திருந்தோம். ஆறு முட்டை நல்லது. ஏழாவது முட்டை சட்டிக்குள் விழுந்ததும் வீடு முழுக்க நாற்றம். சட்டியில் இருந்தது அத்தனையும் சிங்க்குக்குள் போனது. கருப்பட்டி விலை உங்களுக்குத் தெரியும், தேங்காய் விலையும் தெரியும். அதைவிட, பெருநாள் இரவில் உம்மாவின் முகம் வாடியதற்கு யாரும் விலை போட முடியாது.

அடுத்த நாள் கடைக்குப் போனோம். சண்டை பிடிக்கப் போகவில்லை, கேட்கத்தான் போனோம். கடைக்கார நானா நல்ல மனிதர். எத்தனையோ வருடப் பழக்கம்.

“நானா, இந்த முட்டை எப்ப வந்த?”

“முந்தாநாள் லொறியில வந்த டீச்சர்.”

“லொறிக்கு எப்ப வந்த?”

அவர் சிரித்தார். “அத கோழிக்கிட்டத்தான் கேக்கணும்.”

நாங்களும் சிரித்துவிட்டோம். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது அந்தச் சிரிப்பு வாயில் கசந்தது. ஏனென்றால் அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அவருக்கு விற்ற மொத்த வியாபாரிக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். பண்ணையில் இருந்து நம் சட்டி வரைக்கும் நாலு கை மாறுகிற ஒரு உணவுப் பொருள், தன்னைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லாமல் வந்து சேர்கிறது. டொஃபிப் பொதியின் உறையில்கூட எங்கே செய்தது, எப்போது செய்தது, எப்போது முடிகிறது என்று இருக்கிறது. முட்டையில் ஒன்றும் இல்லை.

சட்டம் முட்டையைப் பார்க்கவே இல்லையா?

நன்றாகப் பார்த்தது. அதுதான் வேதனை.

2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தை நினைத்துப் பாருங்கள். பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த நேரம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானி மூலம் முட்டைக்கு உச்ச சில்லறை விலை போட்டது. வெள்ளை முட்டை 43 ரூபா, சிவப்பு முட்டை 45 ரூபா. 2023 ஜனவரியில் அது 44 ரூபாவும் 46 ரூபாவும் ஆனது. அதிகாரிகள் கடை கடையாக ஏறினார்கள். வழக்குப் போட்டார்கள். சில கடைகளில் முட்டை காணாமல் போனது, சில கடைகளில் மேசைக்குக் கீழே இருந்து வந்தது. உற்பத்தியாளர்கள் கட்டுபடியாகாது என்று நீதிமன்றம் வரை போனார்கள். பிறகு 2023 மார்ச்சில் இந்தியாவில் இருந்து அரசு முட்டை இறக்கியது. அரச வர்த்தகக் கூட்டுத்தாபனம் கொண்டுவந்த அந்த முட்டை முதலில் பேக்கரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போனது, பிறகு சதொசவிலும் விற்றது.

அந்த நாட்களில் நம் வட்ஸ்அப் குழுமங்களில் என்னவெல்லாம் வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? “இந்திய முட்டை பழசு”, “பிளாஸ்டிக் முட்டை”, “நோய் வந்த கோழியின் முட்டை”. எத்தனை பேர் அதை அப்படியே ஃபோர்வர்ட் பண்ணினோம்? நாங்களும் ஒன்றிரண்டு பண்ணியிருக்கிறோம், ஒப்புக்கொள்கிறோம். ஏன் பண்ணினோம்? கையில் இருக்கிற முட்டை எங்கிருந்து வந்தது என்று சொல்ல நம்மிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. முட்டை வாய் திறக்காத இடத்தில் வதந்தி வாய் திறக்கிறது.

இப்போது அந்த வர்த்தமானியை மறுபடி பாருங்கள். ஒரு அரசாங்கம் முட்டையை வகைப்படுத்த உட்கார்ந்தது. எதை வைத்து வகைப்படுத்தியது? நிறத்தை வைத்து!

ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, அவ்வளவுதான். வெள்ளை முட்டைக்கும் சிவப்பு முட்டைக்கும் சத்தில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. இதை நாம் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை அப்போது கடைக்குப் போனபோது, சிவப்பு முட்டைக்கு இரண்டு ரூபா கூட இருந்தது. பிள்ளை யாரை நம்பும்? டீச்சரையா, வர்த்தமானியையா? “சிவப்பு முட்டைதான் சத்து” என்ற மூடநம்பிக்கைக்கு அரச முத்திரை குத்திக் கொடுத்தது யார்?

ஒரு முட்டையைப் பற்றி வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய விஷயங்கள் மூன்று. எப்போது இட்டது, எத்தனை கிராம், எந்தப் பண்ணை. இந்த மூன்றையும் விட்டுவிட்டு, கண்ணுக்குத் தானாகவே தெரிகிற நிறத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு தடவை சரியான இடத்தைத் தொட்டார்கள்

நியாயமாகப் பேசுவோம். 2023 ஏப்ரலில் வந்த வர்த்தமானி எடையைக் கொண்டுவந்தது. வெள்ளை முட்டை கிலோ 880 ரூபா, சிவப்பு முட்டை கிலோ 920 ரூபா. நிறத்தை அப்போதும் விடவில்லை, ஆனாலும் எடை வந்தது நல்ல விஷயம்.

எங்கள் வகுப்பில் அதை ஒரு கணக்காகவே செய்தோம். ஒரு முட்டை 50 கிராம் என்று வைத்தால் கிலோவுக்கு 20 முட்டை. 880ஐ 20ஆல் வகுத்தால் 44 ரூபா. 920ஐ 20ஆல் வகுத்தால் 46 ரூபா. பழைய விலையேதான், கிலோ சட்டை போட்டு வந்திருக்கிறது. இப்போது முட்டை 60 கிராம் என்றால்? 52 ரூபா 80 சதம். 45 கிராம் என்றால்? 39 ரூபா 60 சதம். அதாவது பெரிய முட்டைக்கும் சிறிய முட்டைக்கும் இடையில் 13 ரூபா 20 சதம் வித்தியாசம். நாள் ஒன்றுக்கு நாலு முட்டை வாங்குகிற குடும்பத்துக்கு மாதத்தில் என்ன வரும் என்று ஒரு பிள்ளை கூட்டிப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தது. நீங்களும் கூட்டிப் பாருங்கள்.

ஆனால் நம் ஏரியாவில் எந்தக் கடையில் முட்டையைத் தராசில் வைத்துத் தந்தார்கள்? நாங்கள் பார்க்கவில்லை. ஒரு முட்டை, ஒரு விலை. பெரிய முட்டை முதலில் வந்தவருக்கு, சின்ன முட்டை பின்னேரம் வேலை முடிந்து வருகிறவருக்கு. நிறையைச் சொல்லாமல் நிறைக்கு விலை போட்டால் இப்படித்தான் முடியும்.

பெட்டிக்குள் இருந்தால் ஒரு சட்டம், தட்டில் இருந்தால் ஒரு சட்டம்

நம் நாட்டில் லேபல் சட்டமே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் லேபலுக்கென்றே ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. ஆனால் அவை பொதி செய்த உணவைப் பற்றிப் பேசுகின்றன. பொதி என்றால் லேபல். பொதி இல்லை என்றால்?

இப்போது சுப்பர் மார்க்கெட்டுக்குள் போங்கள். பத்து முட்டைப் பெட்டி. மேலே கம்பெனிப் பெயர், திகதி, காலாவதி எல்லாம் அச்சடித்திருக்கும். அதே ஹெவ்லொக் வீதியில் நாலு எட்டு வைத்து உள் ஒழுங்கைக்குள் இருக்கிற சில்லறைக் கடைக்குப் போங்கள். முப்பது முட்டைத் தட்டு. ஒன்றும் இல்லை. தட்டைப் பெட்டியாக்கி, பெட்டிக்கு மேல் கடதாசி ஒட்டினால் சட்டம் விழித்துக்கொள்கிறது. பிரித்து வைத்தால் தூங்கிவிடுகிறது.

இதில் யார் அடிபடுகிறார்கள் என்று யோசியுங்கள். பெட்டியாக வாங்கக்கூடியவருக்குத் திகதி கிடைக்கிறது. இரண்டு முட்டை, மூன்று முட்டை என்று வாங்குகிறவருக்குத் திகதி இல்லை. நாட்சம்பளத்துக்கு வேலை செய்து, அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்குச் சமைக்கிற குடும்பத்துக்கு, கூடவே பழைய முட்டை வருகிற ஆபத்து. எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனையோ பேரின் வீடு அப்படித்தான். தகவல் என்பது வசதி உள்ளவருக்கு மட்டும் விற்கிற பொருளா? நாம் கேட்கிறது இந்த ஒன்றைத்தான்.

கொழும்பு வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டை வைக்கும் தட்டு பெரும்பாலும் கடை வாசலில், பாண் அலுமாரிக்குப் பக்கத்தில். முட்டைக்குள் காற்றுப்பை ஒன்று இருக்கிறது. நாள் போகப் போக ஓட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறி அந்தப் பை பெரிதாகிறது. அதனால்தான் புது முட்டை தண்ணீரில் தாழ்ந்து படுக்கிறது, பழைய முட்டை நிமிர்ந்து நிற்கிறது, மிகப் பழையது மிதக்கிறது. சூடு கூடினால் இந்த வேலை வேகமாக நடக்கும். சல்மனெல்லா போன்ற கிருமி உள்ளே இருந்தால் சூட்டில் அதுவும் பெருகும். நன்றாக வெந்த முட்டையில் அது செத்துவிடும். ஆனால் அரை அவியல், புல்ஸ்ஐ, மயோனைஸ், இவற்றையும் நம் பிள்ளைகள்தான் சாப்பிடுகிறார்கள்.

உலகத்தில் வேறு இடத்தில் என்ன செய்கிறார்கள்?

“இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று கேட்பவர்களுக்காக இரண்டு உதாரணம் மட்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004 முதல் கடைக்கு வரும் முட்டையின் ஓட்டிலேயே குறியீடு அடிக்கிறார்கள். முதல் எண் கோழியை எப்படி வளர்த்தார்கள் என்று சொல்லும். 0 என்றால் இயற்கை முறைப் பண்ணை, 1 என்றால் வெளியே திரிகிற கோழி, 2 என்றால் கொட்டகைக்குள், 3 என்றால் கூட்டுக்குள். பிறகு நாட்டின் குறி, பிறகு பண்ணையின் இலக்கம். பெட்டியில் எடை வகுப்பு: 53 கிராமுக்குக் குறைவு சிறியது, 53 முதல் 63 நடுத்தரம், 63 முதல் 73 பெரியது, அதற்கு மேல் மிகப் பெரியது. இட்ட நாளில் இருந்து 28 நாட்களுக்கு மேல் சிறந்த பாவனைத் திகதி போட முடியாது.

இது வெறும் அலங்காரம் இல்லை. 2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்து முட்டையில் கலந்த விவகாரம் வந்தது. நெதர்லாந்து அதிகாரிகள் பாதிக்கப்பட்ட பண்ணைகளின் குறியீடுகளை வெளியிட்டார்கள். வீட்டில் இருந்தவர்கள் முட்டையைக் கையில் எடுத்து இலக்கத்தைப் பார்த்தார்கள். இருந்தால் வீசினார்கள், இல்லாவிட்டால் சமைத்தார்கள். அதே விவகாரம் இங்கே வந்திருந்தால் என்ன செய்திருப்போம்? எல்லா முட்டையையும் வீசியிருப்போம், அல்லது எல்லா முட்டையையும் தின்றிருப்போம். குற்றமே செய்யாத பண்ணைக்காரனும் சேர்ந்து அழிந்திருப்பான். லேபல் வாங்குபவரை மட்டுமல்ல, நேர்மையான உற்பத்தியாளரையும் காப்பாற்றுகிறது.

அடுத்தது பிரித்தானியா. 1988 டிசம்பரில் அங்கே சுகாதாரத் துறைத் துணை அமைச்சராக இருந்த எட்வினா கறி, நாட்டின் பெரும்பாலான முட்டை உற்பத்தியில் சல்மனெல்லா இருப்பதாகச் சொல்லப் போய் முட்டை வியாபாரமே படுத்துவிட்டது. அவர் பதவியும் போனது. அதற்குப் பிறகு அவர்கள் வாயால் சத்தியம் பண்ணிக்கொண்டு இருக்கவில்லை. கோழிக்குத் தடுப்பூசி போட்டார்கள், 1998இல் இருந்து தரமான முட்டையில் சிங்க முத்திரையும் திகதியும் அடித்தார்கள். 2017இல் அந்த முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் அரை அவியலாகவே சாப்பிடலாம் என்று அவர்களுடைய உணவுத் தர முகவரகம் அறிவித்தது. போன நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவந்தது தடுப்பூசியும் ஓட்டின் மேல் அடித்த அந்தச் சின்ன முத்திரையும்.

“சின்னப் பண்ணைக்காரன் செத்துப்போவான்”

இந்த வாதத்தை நாம் லேசாகத் தள்ளிவிட மாட்டோம். குருணாகல், குளியாப்பிட்டி, புத்தளம், கம்பஹா பக்கம் கோழி வளர்க்கிறவர்கள் எல்லாரும் பணக்காரர்கள் இல்லை. 2022இல் தீவனம் இல்லாமல் கோழியை வந்த விலைக்கு இறைச்சிக்கு விற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தலையில் இலட்சக்கணக்கான ரூபா மெஷினை ஏற்ற வேண்டும் என்று நாம் கேட்கவில்லை.

ஐரோப்பாவிலேயே சின்னவர்களுக்கு விலக்கு இருக்கிறது. ஐம்பது கோழி வரைக்கும் வைத்திருக்கிறவர், உள்ளூர்ச் சந்தையில் தானே விற்கும்போது, முட்டையில் முத்திரை அடிக்காமல் விற்க அங்கே நாடுகள் அனுமதிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, விற்கிற இடத்தில் பண்ணைக்காரரின் பெயரும் விலாசமும் எழுதி வைக்க வேண்டும். பெரியவருக்கு மெஷின், சின்னவருக்கு ஒரு அட்டை. இருவருக்கும் பொறுப்பு ஒன்று. இதை நம் நாட்டுக்கு ஏற்ற மாதிரிச் செய்ய முடியாதா?

ஒவ்வொரு முட்டையிலும் அடிக்க முடியாவிட்டால் முப்பது முட்டைத் தட்டில் ஒரு துண்டு ஒட்டட்டும். பண்ணையின் பெயர் அல்லது பதிவிலக்கம், முட்டை சேகரித்த திகதி, தட்டின் நிறை. அந்தத் துண்டைக் கடைக்காரர் கிழித்து எறியாமல் முன்னால் வைக்கட்டும். இதற்கு எத்தனை சதம் செலவாகும்?

“விலை கூடும்” என்பார்கள். கூடட்டும், அந்தச் சில சதம் நாம் தருகிறோம். ஏழாவது முட்டையில் நாம் இழந்தது அதைவிட எத்தனையோ மடங்கு.

“எங்கட ஆக்கள் முட்டையக் காதுக்கிட்ட குலுக்கிப் பார்த்தே சொல்லுவாங்க” என்று ஒரு மாமா சொன்னார். மாமா, உங்கள் காதுக்கு நாம் மரியாதை தருகிறோம். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிற தாய்க்கு அந்தக் காது இல்லை.

மார்க்கம் தெரிந்த நமக்கு இது புதிய பாடமா?

மதீனாவின் சந்தையில் நடந்த சம்பவத்தை ஜும்ஆ பயானில் எத்தனை தடவை கேட்டிருப்போம். நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியென்றால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்ல என்றும் எச்சரித்தார்கள். அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். ஈரமான தானியத்தை விற்கக் கூடாது என்று மட்டும் விடவில்லை. வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியும்படி ஏன் வைக்கவில்லை என்று கேட்டார்கள். லேபல் என்பது அதுதான். உள்ளே இருக்கும் ஈரத்தை மேலே கொண்டுவந்து வைப்பது.

இன்னொன்று. நம் ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில், இமாம் நவவீ அவர்களின் மின்ஹாஜில், வியாபார அத்தியாயத்தில், உடைத்தால்தான் குறை தெரியும் பொருட்களுக்கு உதாரணம் என்ன என்று பாருங்கள். முட்டை, தேங்காய், புழு விழுந்த வத்தகப்பழம். குறையை அறிவதற்காக உடைத்ததால் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடாது என்று அங்கே இருக்கிறது. எழுநூறு வருடங்களுக்கு முன்னால் வட்டிலப்பச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று எழுதியது மாதிரி! விளக்கம் வேண்டியவர்கள் உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் இனி யாரும் “உடைச்ச முட்டையத் திருப்பி எடுக்கிற வழக்கம் இல்ல” என்று சொன்னால், வழக்கம் இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

நம் சமூகத்தில் வியாபாரிகள் அதிகம். அதனால் இந்தப் பதிவு “நம்மாளுக்கே எதிரா?” என்று சிலர் கேட்பார்கள். எதிர் இல்லை. நேர்மையான நானாவுக்குத் துணை. லொறியில் வந்த முட்டையைப் பற்றிக் கேட்க அவரிடமும் ஒரு சட்டம் இருந்தால், பழைய முட்டையை அவர் தலையில் கட்ட யாருக்கும் துணிவு வராது. இன்று அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குகிறார்.

லேபல் என்றால் நமக்கு ஒரு பழைய காயமும் இருக்கிறது. 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராக எழுந்த கூச்சலை நாம் மறக்கவில்லை. பொதியில் இருந்த ஒரு சின்ன அடையாளம் ஒரு சமூகத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அதனால் லேபல் என்றாலே வாயை மூடிக்கொள்வோம் என்று சிலர் நினைக்கிறோம். அது பிழை. முட்டையின் திகதி எந்த மதத்துக்கும் சொந்தமில்லை. எண் மூன்று மொழியிலும் ஒன்றுதான். நம் ஒழுங்கையில் சிங்களக் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் முஸ்லிம் குடும்பமும் ஒரே தட்டில் இருந்துதான் முட்டை எடுக்கிறோம். நாற்றம் வந்தால் எல்லா வீட்டுக்கும் வரும். இந்தக் கோரிக்கையை நாம் எல்லாரும் ஒன்றாகக் கேட்கலாம். கேட்க வேண்டும்.

புதிய சட்டம் தேவையில்லை

இதுதான் நமக்கு அதிகம் கோபம் வர வைக்கும் விஷயம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, லேபல் இடுவது, விலை குறிப்பது, பொதி செய்வது பற்றி உற்பத்தியாளருக்கும் வியாபாரிக்கும் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை அந்தச் சபைக்கே கொடுத்திருக்கிறது. பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. விலைக்கு வர்த்தமானி அடித்த அதே கை, திகதிக்கும் அடிக்கலாம்.

விலை விஷயத்தில் எவ்வளவு பல் இருந்தது என்று பாருங்கள். 2021இல் சட்டத்தைத் திருத்தி, உச்ச விலையை மீறும் தனி வியாபாரிக்கு ஒரு இலட்சம் முதல் ஐந்து இலட்சம் ரூபா வரை, கம்பெனிக்கு ஐந்து இலட்சம் முதல் ஐம்பது இலட்சம் வரை தண்டப்பணம் என்று ஆக்கினார்கள். முட்டையை இரண்டு ரூபா கூட்டி விற்ற சின்னக் கடைக்காரருக்கு ஒரு இலட்சம் ரூபா. எத்தனையோ நாள் பழைய முட்டையைச் சந்தைக்கு அனுப்பியவருக்கு? அவர் யார் என்றே தெரியாது. தெரியாதவருக்கு எப்படித் தண்டம் போடுவது?

நாம் கேட்பது

1. தட்டில் விற்கும் முட்டைக்கும் லேபல். சேகரித்த திகதி, பண்ணையின் அடையாளம், நிறை. மூன்று மொழியிலும்.

2. நிறத்துக்கு விலை போடும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். விலை போடுவதென்றால் எடைக்குப் போடுங்கள், எடையை எழுதியும் வையுங்கள்.

3. சின்னப் பண்ணைக்கு இலகுவான முறை. மெஷின் வேண்டாம், அட்டை போதும். அந்த அட்டையை அரசே இலவசமாகக் கொடுக்கலாம்.

4. இறக்குமதி முட்டை வந்தால் அதன் நாடும் திகதியும் கடைசிக் கடை வரைக்கும் கூடவே வர வேண்டும்.

5. பாடசாலை உணவுக்கு வாங்கும் முட்டையில் இருந்து இதைத் தொடங்க வேண்டும். சட்டம் வரும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. வாங்குகிறவர் நிபந்தனை போட்டால் போதும்.

அதுவரைக்கும் நாம் செய்ய வேண்டியது

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது நம் வேலை இல்லை.

கடையில் கேளுங்கள்: “நானா, எப்ப வந்த? எங்க இருந்து?” ஒரு ஆள் கேட்டால் சிரிப்பார்கள். ஐம்பது பேர் கேட்டால் எழுதி வைப்பார்கள். கடைக்காரர்களே, முட்டை வந்த திகதியை ஒரு மட்டையில் மார்க்கரால் எழுதித் தட்டுக்கு மேல் வையுங்கள். நம் ஏரியாவில் முதலில் செய்கிற கடையைப் பற்றி நாமே இங்கே பதிவு போடுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். பழுதான பொருள் கிடைத்து, பேசியும் சரிவராவிட்டால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். நம் பகுதிப் பொதுச் சுகாதார பரிசோதகரிடமும் சொல்லலாம். வட்ஸ்அப்பில் கத்துவதை விட ஒரு எழுத்து முறைப்பாடு பெரிது.

வீட்டில், முட்டையை வாங்கியதும் குளிரான இடத்தில் வையுங்கள். சமைக்கும்போது நேரே சட்டிக்குள் உடைக்காதீர்கள். முதலில் ஒரு சின்னக் கோப்பைக்குள் உடைத்து, பார்த்து, மணந்து, பிறகு சட்டிக்குள் ஊற்றுங்கள். இது நம் உம்மம்மாமார் சொல்லிக் கொடுத்த சட்டம். அன்று அவசரத்தில் நாங்கள் அதை மீறினோம், தண்டமும் கட்டினோம்.

ஆனால் ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். கோப்பைக்குள் உடைத்துப் பார்ப்பது நம் கவனம். அது எந்தப் பண்ணையினதும் பொறுப்புக்கு மாற்றீடு ஆகாது, எந்த அதிகார சபையின் கடமைக்கும் மாற்றீடு ஆகாது. வாங்குகிறவர் ஒவ்வொரு முட்டையையும் சந்தேகத்தோடு உடைக்க வேண்டிய ஒரு நாட்டில், விலைக் கட்டுப்பாடு மட்டும் நுகர்வோர் பாதுகாப்பு ஆகிவிடாது.

அடுத்த பெருநாளைக்கு முன்னால் இந்தக் கோரிக்கையை எழுத்தில் அனுப்பப் போகிறோம். நாம், நம் சக ஆசிரியர்கள், சில பெற்றோர். கையெழுத்து வைக்க விருப்பமானவர்கள் பெயரைக் கீழே போடுங்கள். முட்டைக் கடை வைத்திருக்கிறவர்களும் வாருங்கள், உங்கள் கையெழுத்துத்தான் எல்லாவற்றையும் விடப் பெறுமதி.

பிழை இருந்தால் திருத்துங்கள், சரி என்றால் பகிருங்கள். வல்ல அல்லாஹ் நம் உணவில் பரக்கத்தையும், நம் வியாபாரத்தில் நேர்மையையும் தருவானாக.

வஸ்ஸலாம்.